மூன்று வீடுகளில் சாப்பிட்டாராம்

அந்தக் கடிதக் கட்டை நான் முதன்முதலாகக் கண்டபோது அதன்மேல் பாதி கடித்த றோல்ஸ் ஒன்று இருந்தது.

ஹேர்னிங்கில், எங்கள் சங்கத் தலைவரின் வீட்டு வரவேற்பறை. கை துடைக்க ரிஷூ தேடி எழும்பிய செயலாளர், றோல்ஸை எங்கே வைப்பதென்று யோசிக்காமல் முன்னால் கிடந்த தாளில் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துத் தட்டில் போட்டேன். அதற்குள் எண்ணெய் சுவறிவிட்டது. சீ.ஆர். கொப்பியில் கிழித்த ஒற்றை, நீல மை. எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் முன்னால் வந்து நின்றது. திரும்பி வந்த செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லை அண்ணை, எப்பிடியும் நீங்கள் ரைப் பண்ணத்தானே போறியள்" என்றார்.

அன்றைக்குத் தொடங்கிய அருவருப்பு இது. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இந்தக் கட்டு ஏன் என்னிடம் வந்தது என்று சொல்லவேண்டும். இந்த டெனிஷ்காரர் நாட்டுக்கு வந்து முதலில் ஹேர்னிங் துணி ஆலையில் வேலைக்கு நின்றேன். பிறகு ரண்டர்ஸுக்கு மாறினேன். படிப்பு ஊரிலேயே பாதியில் நின்றுபோனது. தமிழ் ரைப்பிங் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பழைய கம்பியூட்டர் ஒன்றை வைத்துத் தட்டித் தட்டி நானே பழகியது. கலியாணக் காட், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்று இந்தப் பக்கத்துத் தமிழ் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வருகிறவர்கள் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லுகிற கதைதான் எனக்குக் கூலி. மனிசர் கதைக்கிற விதத்தில் எனக்கு அப்படியொரு பைத்தியம். நினைவு மலர் அடிக்க வந்த ஒரு அக்கா செத்துப்போன புருசனைப் பற்றிச் சொன்னார்: "அவர் கோபக்காரர் இல்லை அண்ணை, கோபம்தான் அவரைத் தேடித்தேடி வந்தது." அப்படியே போடட்டுமா என்று கேட்டேன். "ஐயோ, சாந்தமானவர் எண்டு போடுங்கோ" என்றார். போட்டேன். செத்தவரைக் கொஞ்சம் குளிப்பாட்டி, பவுடர் பூசி அனுப்புவது எல்லா இடத்திலும் உள்ளதுதான். அதில் எனக்கு ஒரு கசப்பும் இருந்ததில்லை.

இந்தக் கடிதங்கள் வேறு. போர்க்காலத்தில் ஒரு அதிகாரி தன் மனைவிக்கு எழுதியவை. இயக்கத்தில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். கடைசிச் சண்டையோடு இல்லாமல் போனவர். மனைவி எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். முதியோர் இல்லத்தில் வேலை. கைக்குழந்தையோடு நாலு நாடு சுற்றி இங்கே வந்து சேர்ந்தவர். அந்தக் குழந்தை இப்போது தாதி வேலைக்குப் படிக்கிறாள், இந்த வருடம்தான் கார் லைசென்ஸ் எடுத்தாள். தகப்பன் என்றால் அவளுக்கு ஒரு சின்னப் படம், அவ்வளவுதான். குரல் தெரியாது, சிரித்தால் எப்படி என்று தெரியாது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனபடியால் அச்செழுத்து வாசிப்பாள். தகப்பனின் கையெழுத்து அவளுக்கு ஓடாது. அது மழையில் அள்ளுப்பட்ட எறும்பு வரிசை மாதிரி. தாய் வாசித்துக் காட்டத் தொடங்கினால் இரண்டாவது வரியில் தாளை மடித்து வைத்துவிடுவார். ஆகவே, ரைப் பண்ணி ஒரே ஒரு பிரதி மகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பதுதான் அந்தத் தங்கச்சியின் ஆசை. அதை ஒரு விருந்தில் தலைவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஏன் ஒரு பிரதி, புத்தகமாகவே போடுவோம், மண்டபம் எடுத்து வெளியிடுவோம், கடைசிக் கடிதத்தை மகளே மேடையில் வாசிக்கட்டும் என்று தலைவர் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார்.

"எனக்குப் புத்தகமும் வேண்டாம் மேடையும் வேண்டாம் அண்ணை" என்று தங்கச்சி பிறகு என்னிடம் சொன்னார். "என்ர பிள்ளை தகப்பனைத் தகப்பன்ர வாயால அறியவேணும். அதுக்கு ஆர் அச்சடிச்சாலும் சரி."

தலைவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். யாருடைய செத்தவீடு என்றாலும் முதலில் போய்க் கதிரை அடுக்குகிற மனிசன். ஆனால் கொமிட்டி என்று நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தால் மனிசத்தன்மை மெல்ல எழும்பி வெளியே போய்விடுகிறது. கட்டைக் கொண்டுவந்து வீட்டில் பிரித்தபோதுதான் கண்டேன், கடிதங்களின் மேலேயே பென்சிலால் திருத்தியிருந்தார்கள். அழிக்கலாம்தானே என்பது அவர்களுடைய சமாதானம்.

அந்த மனிதர் எல்லாக் கடிதத்தையும் "இஞ்சாரும்" என்றுதான் தொடங்குவார். எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. அடுப்படியைப் பார்த்து "இஞ்சாரும்" என்றால் யாருக்கு என்று வீட்டுக்கே தெரியும். காட்டுக்குள் இருந்து எழுதும்போதும் அவருக்கு அதுதான் வந்திருக்கிறது. பென்சில் அதை வெட்டிவிட்டு, எல்லாக் கடிதத்திலும், "என் உயிரினும் மேலான துணைவியே" என்று எழுதியிருந்தது. "பயமாக் கிடக்கு" என்ற இடத்தில் "நெஞ்சம் நிமிர்கிறது". பேன் மருந்து அனுப்பச் சொன்ன வரி முழுதாகக் காணாமல் போயிருந்தது. தன் தம்பிக்குச் சைக்கிளைக் கொடுக்கவேண்டாம், அவன் செயினை அறுத்துப்போடுவான் என்று எழுதியதற்குப் பக்கத்தில், "தேவையற்றது" என்று ஒரு குறிப்பு. ஒரு மனிசன் தன் சைக்கிளைப் பற்றிக் கவலைப்படுவது தேவையற்றதாம்.

இதுவரைக்கும் எரிச்சல்தான். பிறகு அந்தப் பக்கம் வந்தது. அவர் எழுதியது இது:

"இண்டைக்கு மூண்டு வீடு. ரெண்டு வீட்டில பிள்ளையளை ஒளிச்சுப்போட்டினம். மற்ற வீட்டில ஒரு பெட்டை, பத்தாம் வகுப்பு. கூட்டிக்கொண்டு வந்திட்டம். தாய் என்ர காலில விழுந்தா. நான் ஒண்டும் கதைக்கேல்லை. மேல ஆள் கணக்குக் காட்டவேணும், நான் என்ன செய்ய. சாப்பிட மனம் வரேல்லை."

எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பல்லுக்கொதிக்குக் கராம்பு கேட்டவர், பிள்ளைக்குப் பால்மா கிடைக்கிறதா என்று நாலு தரம் விசாரித்தவர், அவரேதான் இன்னொருத்தியின் பிள்ளையை இயக்கத்துக்கென்று வாசலில் வைத்து இழுத்துக்கொண்டு போனவர். நான் என்ன செய்ய என்ற அந்த வார்த்தையை வாயில் போட்டுப் பார்த்தேன். துப்பவேண்டும் போல இருந்தது. அவ்வளவு நேரமும் அவருடைய சைக்கிளுக்காகப் பரிந்துகொண்டிருந்த என்மேலேயே வெறுப்பு வந்தது.

அதற்குப் பிறகுதான் பென்சிலைப் பார்த்தேன்.

"இன்று மூன்று வீடுகளில் எமக்கு அமுது படைத்தனர். ஒரு தாய் என் தலையைத் தொட்டு வாழ்த்தினாள். அந்த உணவின் சுவை நாவில் நிற்கிறது."

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். இரண்டையும் காட்டினேன். நின்றபடியே வாசித்தாள். கோப்பையை மேசையில் வைக்கவும் மறந்துபோனாள்.

"பிள்ளையைப் பிடிச்ச வீட்டில சோறும் திண்டவங்களாமோ?" என்றாள்.

தலைவருக்குப் போன் எடுத்தேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். விளங்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிப் பொறுமையாகக் கதைத்தார்.

"வீடு மூண்டுதானே அண்ணை? தாயும் தாய்தானே? நாங்கள் எதைப் புதுசாச் சேர்த்தனாங்கள்? ஆரும் ஊத்தை உடுப்போட மேடையில ஏறுவினமோ?"

உடுப்பை மாற்றுங்கோ, ஆளை மாற்றாதேங்கோ என்றேன். சிரித்தார். பிறகு, அதே மூச்சில், என்னிடம் ஒரு உதவி கேட்டார். கடைசிக் கடிதம் மேடைக்கு எடுபடாதாம். அதில் இருப்பது பல்முரசு வீங்கின கதையும், பிள்ளைக்குக் காது குத்தவேண்டாம், நான் வந்தபிறகு குத்துவோம் என்ற வரியும்தான். சனம் கடைசிக் கடிதத்தில் ஒரு செய்தியை எதிர்பார்க்குமாம். எல்லாக் கடிதமும் வாசித்தபடியால் அவருடைய பாணி எனக்குப் பிடிபட்டிருக்கும், ஆகவே மகள் மேடையில் வாசிக்கக் கடைசிக் கடிதம் மாதிரி ஒரு பக்கம் நானே எழுதித் தரவேண்டுமாம்.

இல்லாத கடிதத்தையோ என்று கேட்டேன்.

"இருந்திருந்தால் எழுதியிருப்பார்தானே" என்றார்.

என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை, லண்டனில் ஒரு தம்பி இருக்கிறான், அரை மணித்தியாலத்தில் உருக்கமாக எழுதித் தருவான் என்று அவர் போனை வைத்தார். கையைக் கழுவினேன். போன் பிடித்த கையை ஏன் கழுவினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் தங்கச்சியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை உடுப்போடேயே இருந்து கேட்டார். உள்ளதைச் சொன்னால், அந்தப் பக்கத்தை முழுதாகவே எடுத்துவிடுங்கோ என்று அவர் சொல்லுவார் என நான் எதிர்பார்த்தேன். பொய்யும் வேண்டாம், உண்மையும் வேண்டாம் என்று தப்பிவிடலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அந்தத் தாய் ஹோர்சன்ஸில இருக்கிறா அண்ணை" என்றார். "ரெண்டு வருசம் தேர்த் திருவிழாவில கண்டனான். என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பி நிப்பா. அந்தப் பெட்டை திரும்பி வரேல்லை. இப்ப இவை புத்தகத்தில அவவைச் சோறு போட வைக்கினம்."

மகளுக்கு இது தெரியத்தான் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"பல்லுக்கொதியும் அவர்தான். இதுவும் அவர்தான். பாதி மனிசனை நான் பிள்ளைக்குக் குடுக்கேலாது."

அன்றே தலைவருக்குப் போன் எடுத்துப் புத்தகத்தை நிற்பாட்டச் சொன்னார். திருத்தின தாளெல்லாம் முன்னமே படமெடுத்து லண்டனுக்கு ரைப் பண்ண அனுப்பியாயிற்று, நோட்டீஸ் போய்விட்டது, மண்டபம் எடுத்தாயிற்று, இனி நிற்பாட்ட ஏலாது தங்கச்சி என்றார் தலைவர். அப்படியென்றால் என் பிள்ளை வாசிக்கமாட்டாள் என்றார் இவர். அதுக்கென்ன, நீங்கள் கவலைப்படாதேங்கோ என்று அவர் சொன்னதை நாங்கள் இருவரும் அப்போது சரியாக விளங்கிக்கொள்ளவில்லை.

நான் வீட்டுக்கு வந்து பென்சிலை ஒவ்வொரு தாளாக அழித்தேன். பிறகு அவர் எழுதினது எழுதினபடி, பேன் மருந்து, சைக்கிள், மூன்று வீடு எல்லாவற்றோடும் ரைப் பண்ணி, சுருள் கம்பி போட்டுக் கட்டி, ஒரே ஒரு பிரதியை மகளிடம் கொடுத்தேன்.

ஒரு கிழமையால் அவள் சைக்கிளில் வந்தாள். அழுதிருந்த மாதிரித் தெரியவில்லை. காது குத்தவேண்டாம் என்ற வரியைப் பற்றித்தான் முதலில் கதைத்தாள். ஏழாம் வகுப்பில் தாய்க்குச் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்த் தானே குத்திக்கொண்டாளாம். தாய் இரண்டு நாள் கதைக்கவில்லையாம். ஏன் என்று இப்போதுதான் விளங்குதாம். சிரித்தாள். பிறகு டெனிஷுக்கு மாறினாள். அவளுக்குக் கஷ்டமான கதை எல்லாம் டெனிஷில்தான் வரும். தன்னோடு படிக்கிற பிள்ளைகள் தாத்தாமாரின் பழைய கடிதங்களைப் பற்றிப் பெருமையாகக் கதைப்பார்களாம். தனக்கும் அப்படி ஒன்று வரப்போகிறது என்று இருந்தாளாம்.

"அங்கிள், இந்த ஆளை எனக்குப் பிடிக்குதா இல்லையா எண்டு தெரியேல்லை" என்று தமிழில் முடித்தாள்.

எனக்கும்தான் தெரியவில்லை என்றேன்.

விழாவுக்குப் போகத் தேவையில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "என்ர புருசனை ஆரெண்டு சொல்லப்போகினம் எண்டு நான் பாக்கவேணும்" என்று தாய் பிடிவாதமாக நின்றார். மகள் கார் ஓட, தாய் முன்னுக்கு, நான் பின்னுக்கு. ஹேர்னிங்கில் ஒரு பாடசாலை மண்டபம், மத்தியான நேரம், வாசலிலேயே பற்றிஸும் கட்லற்றும் மணத்தன. சுவர் முழுக்க அந்தச் சின்னப் படத்தைப் பெருப்பித்து அடித்திருந்தார்கள். பெருப்பித்ததில் முகம் பொறுபொறுத்து, கண் இரண்டும் மையாக ஊறி, யாரோ ஒருவராக மாறியிருந்தார். எங்களை மூன்றாவது வரிசையில் இருத்தினார்கள்.

கடைசிக் கடிதம் வாசிக்கும் நேரம் வந்தது. சீலை கட்டி, பூ வைத்து, நடன வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளை மேடைக்கு வந்தாள். "தந்தையின் மடலை மகள் வாசிக்கிறாள்" என்றார் செயலாளர் ஒலிவாங்கியில். எனக்குப் பக்கத்தில் இருந்த மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பிள்ளையைக் குறை சொல்ல ஏலாது. தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். லண்டன் தம்பி, தலைவர் சொன்னபடியே, உருக்கமாக எழுதியிருந்தான். என் உயிரினும் மேலான துணைவியே என்று தொடங்கி, உன் கண்ணீர், உன் கூந்தல், உன் மடி என்று முன்பின் தெரியாத ஒருவன் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் இந்த மனிசியைத் தடவிக்கொண்டே போனான். தங்கச்சி தன் கோட்டை இழுத்து மூடினார். நெரிசலான பஸ்ஸில் யாரோ உரசினால் பெண்கள் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள். சனம் விம்மியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிந்ததும் ஒரு அம்மா ஓடிவந்து தாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்கட மகள் என்ன மாதிரி வாசிச்சவா! தேப்பன்ர குரல் அப்பிடியே" என்றார். உண்மையான மகள் பக்கத்தில் கைப்பையோடு நின்றாள்.

"ஓம்" என்றார் தாய்.

தலைவர் வந்து புத்தகத்தில் ஒரு கட்டைத் தந்தார். மகள் ஒன்றை எடுத்துத் தாள்களைப் புரட்டி, தேடின இடத்தைக் கண்டுபிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். அமுது என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். சாப்பாடு என்றேன். மூடினாள். கட்டை அப்படியே எச்சில் பேப்பர்த் தட்டுகள் குவிந்திருந்த மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். தலைவர், "புத்தகத்தை விட்டிட்டுப் போறியள் பிள்ளை" என்று பின்னால் கூப்பிட்டார். அவள் காதில் விழுந்திருக்கும்.

நெடுஞ்சாலைக்கு ஏறுகிற இடத்தில் அவள் காரை ரண்டர்ஸ் பக்கம் திருப்பவில்லை.

"எங்க போறாய்?" என்றார் தாய்.

"ஹோர்சன்ஸ். அந்த அம்மா அங்க எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"போய் என்ன சொல்லப்போறாய்?"

"ஒண்டும் இல்லை. அப்பா அப்பிடி எழுதேல்லை எண்டு மட்டும்."

"அவ கதவு திறக்கமாட்டா."

"திறக்காட்டித் திரும்பி வருவம்."

தாய் அதற்குப் பிறகு மறிக்கவில்லை. யாருக்கோ போன் எடுத்து, கோயில் விசயம் மாதிரிக் கதைத்து, விலாசத்தை வாங்கினார்.

மூன்றாம் மாடி. வெளி நடைபாதையில் பிள்ளைச் சைக்கிள்கள், பூச்சட்டிகள். மணி அடித்ததும் கதவு பாதி திறந்தது. ஒரு அம்மா நின்றார், விரலெல்லாம் புட்டு மா. என்னைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், பிறகு மகளின் முகத்திலேயே கண்ணை வைத்திருந்தார். கதவை அடித்துச் சாத்தவும் இல்லை, வாங்கோ என்று சொல்லவும் இல்லை.

"நான் அவரின்ர மகள்" என்றாள் இவள்.

"தெரியுது" என்றார் அந்த அம்மா. "நான் சோறு போட்டனெண்டு புத்தகத்தில வந்திருக்காம். இப்பத்தான் ஒராள் படமெடுத்துப் போனில அனுப்பினது."

"அப்பா அப்பிடி எழுதேல்லை."

"அப்ப என்ன எழுதினவர்?"

அவள் கைப்பைக்குள் இருந்து சுருள் கம்பி போட்ட பிரதியை எடுத்தாள். வாசிக்கட்டுமா என்று கேட்டாள். அந்த அம்மா மாக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நின்றார். மேடையில் வாசித்த பிள்ளையின் ஏற்ற இறக்கம் இவளுக்கு இல்லை. ஒவ்வொரு சொல்லிலும் தடக்கி, டெனிஷ் நாக்கோடு வாசித்தாள். மூண்டு வீடு. ரெண்டு வீட்டில ஒளிச்சுப்போட்டினம். ஒரு பெட்டை, பத்தாம் வகுப்பு. காலில விழுந்தா என்ற இடம் வந்ததும் அந்த அம்மா கையை உயர்த்தினார்.

"நான் விழேல்லை" என்றார். "அவன்ர காலைக் கட்டிப்பிடிச்சு இழுத்தனான். ஆளை விழுத்தத்தான் இழுத்தனான். அவன் விழுந்திருந்தால் என்ர பெட்டை ஓடியிருப்பாள்."

கீழே தெருவில் பஸ் ஒன்று வந்து நின்று போனது. மகள் பைக்குள் தேடிப் பேனை ஒன்றை எடுத்தாள். பிரதியைக் கதவு நிலையோடு வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொருக்கால் ஆறுதலாக, மெதுவாகச் சொல்லுங்கோ என்றாள். அந்த அம்மா சொன்னார். இவள் தகப்பனின் வரிக்குக் கீழே, சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக் குண்டுக் குண்டு எழுத்தில், சொல்லுச் சொல்லாக எழுதினாள். எழுதி முடித்ததைத் திருப்பிக் காட்டினாள். அந்த அம்மா குனிந்து, எழுத்துக்கு மேலால் விரலை ஓட்டி, கடைசி வரைக்கும் வாசித்தார்.

அதற்குப் பிறகுதான் கதவை முழுதாகத் திறந்தார்.